டொக்கு மேஸ்திரியின் விலா

"உள்ள காலியா இருந்தா எவ்வளவு நாள் தாங்கும்?"

எங்கள் எதிர் வீட்டு மேஸ்திரி ஒரு நாள் காலையில் வாசலில் நின்று, வலது விலாவைக் கையால் பொத்திக்கொண்டு, என்னைப் பார்த்து இப்படிக் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அப்போதுதான் பள்ளிப் படிப்பை முடித்திருந்தேன். நுரையீரல் படம் வரைந்து, பாகங்களைக் குறித்து, வண்ணமும் தீட்டி முழு மதிப்பெண் வாங்கியவர்களில் நானும் உண்டு. ஆனால் உள்ளே காலியாக இருந்தால் எத்தனை நாள் தாங்கும் என்று எந்தப் பாடத்திலும் வரவில்லை. எது காலி என்று திருப்பிக் கேட்கவும் தோன்றவில்லை. "தெரியலையே" என்றேன். இத்தனை வருஷம் பை தூக்கினதெல்லாம் வீணா என்பதுபோல ஒரு பார்வை பார்த்துவிட்டு அவர் போய்விட்டார்.

இப்போது பதில் தெரியும். அதைச் சொல்லும் முன் ஓர் இனத்தை உங்களுக்கு அறிமுகப்படுத்தியாக வேண்டும்.

இந்த இனத்துக்கு நான் வைத்திருக்கும் பெயர் தொழில் வைத்தியர். மருந்துச் சீட்டு எழுதுகிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். தன் தொழிலில் கற்ற ஒரே ஒரு வித்தையை வைத்துக்கொண்டு தன் உடம்பு முழுவதையும் படித்துவிடுகிறவர் இவர். முழங்கால் வலித்தால் லாரி ஓட்டுநர் "கிரீஸ் காஞ்சிடுச்சு" என்பார். வயிறு இழுத்துப் பிடித்தால் தையற்காரர் "உள்ள எங்கயோ தையல் விட்டிருக்கு" என்பார். ஆசிரியை தன் காய்ச்சலைப் பற்றிச் சொல்லும்போதே "நேத்தைக்கு இன்னிக்கு முன்னேற்றம் இருக்கு, ஆனா போதாது" என்று கண்டிப்பார். கணினி முன்னால் உட்கார்ந்து வேலை செய்கிறவர் தலைவலி வந்தால் "ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணா சரியாயிடும்" என்று சொல்லிப் படுத்துவிடுவார். இவர்கள் எல்லாருக்கும் பொதுவான குணம் ஒன்று உண்டு. வலியைப் பற்றி அண்டை அயல், அலுவலகம், பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரர் என்று எல்லாரிடமும் கேட்பார்கள். டாக்டரிடம் மட்டும் கேட்க மாட்டார்கள். ஏன்? டாக்டர் பதில் சொல்லிவிடுவார். பதில் வந்துவிட்டால் அப்புறம் எதைப் பேசுவது?

நம் மேஸ்திரி இந்த இனத்தின் தலைமகன்.

அவருக்குத் தொழில் தரைக்கு டைல்ஸ் ஒட்டுவது. இருபத்திரண்டு வருஷ அனுபவம். ஒட்டுவது யார் வேண்டுமானாலும் ஒட்டலாம், அவர் பேர் வாங்கியது மறுநாள் செய்கிற காரியத்தில். ஒட்டிய தரை காய்ந்ததும் முழங்காலிட்டு, நடுவிரல் முட்டியால் ஒவ்வொரு டைலாகத் தட்டிக்கொண்டே போவார். கலவை அடியில் நிறைந்து, டைல் கெட்டியாகப் பிடித்திருந்தால் 'டிக்' என்று கேட்கும். கலவை சேராமல் அடியில் காற்று தங்கியிருந்தால் 'டொக்' என்று கேட்கும். அதற்குப் பெயர் பொக்கு. பொக்கு டைல் இன்று அழகாகத்தான் இருக்கும், நாளைக்கு ஒரு நாற்காலிக் கால் பட்டால் உடையும். பொக்கு என்று தெரிந்ததும் காதில் செருகிய பென்சிலை எடுத்து டைல்மேல் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போடுவார். குறி விழுந்தால் பெயர்த்தே தீர வேண்டும். வீட்டுக்காரர் கெஞ்சினாலும் விட மாட்டார். அப்படி வந்த பட்டப் பெயர்தான் டொக்கு மேஸ்திரி.

அந்த வருஷம் ஒரு வைரஸ் காய்ச்சல் வீடு வீடாக வந்தது. இவர் வீட்டுக்கும் வந்தது. காய்ச்சல் நான்கு நாளில் போயிற்று. இருமல் மூன்று வாரம் தங்கிற்று. இருமல் என்றால் சாதாரண இருமலா? மாடி வீட்டுக்காரர் இரண்டு தடவை இறங்கி வந்து "யாரு கதவைத் தட்டுனது?" என்று கேட்ட இருமல். கடைசியில் அதுவும் கிளம்பியது. ஆனால் போகிற விருந்தாளி பெட்டியை மறந்து வைத்துவிட்டுப் போவதுபோல, நெஞ்செலும்புக்கு வலது பக்கம், விலா தொடங்குகிற இடத்தில், ஒரு வலியை விட்டுவிட்டுப் போனது.

மூச்சை இழுத்தால் வலி. படுக்கையில் புரண்டால் வலி. கலவை வாளியைத் தூக்கினால் வலி. சிரித்தால் கேட்கவே வேண்டாம். வீட்டில் சிரிப்பு தடை செய்யப்பட்டது. தும்மலுக்கு ஒரு சடங்கே ஏற்பட்டது. மூக்கு சுருங்கத் தொடங்கியதும் மேஸ்திரி ஒரு கையைத் தூக்குவார், மகள் ஓடிப்போய்த் தலையணை கொண்டு வருவாள், அவர் அதை விலாவோடு சேர்த்துக் கட்டிக்கொள்வார், மின்விசிறி நிற்கும், டிவி நிற்கும், எல்லாரும் அவர் முகத்தையே பார்ப்பார்கள். பாதி நாள் தும்மல் வராது.

"தும்முறதுன்னா தும்முங்க" என்பாள் மனைவி. "எங்களை எல்லாம் ஏன் அட்டென்ஷன்ல நிக்க வெக்கிறீங்க?"

"உனக்கென்னம்மா. உள்ள இருக்கிறது எனக்குல்ல தெரியும்."

"தெரிஞ்சா சொல்லுங்க. தெரியலைன்னா டாக்டரைப் பாருங்க."

டாக்டர் என்ற சொல்லைக் கேட்டதும் மேஸ்திரிக்கு எங்காவது போக வேண்டிய வேலை வந்துவிடும்.

மற்ற எல்லாரையும் பார்த்தார். குழாய் வேலைக்காரர் "லைன்ல காத்து அடைச்சிருக்கு, ஒரு ஏப்பம் விட்டா போயிரும்" என்றார். காவலாளி, தன் பெரியப்பாவுக்கும் இதே இடத்தில்தான் வலித்தது என்றார். "அப்புறம்?" என்று மேஸ்திரி ஆவலாகக் கேட்டார். "அப்புறம் என்ன, படம் மாட்டியாச்சு" என்றார் காவலாளி. மனைவியின் தம்பி மின்சார வேலை பார்ப்பவர். அவர் விலாவைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் சொன்னார்: "லூஸ் கனெக்‌ஷன் மாமா. அதான் திரும்பினா மட்டும் அடிக்குது."

ஆறாவது வாரம், ஒரு விடியற்காலை. மல்லாந்து படுத்திருந்த மேஸ்திரியின் விரல், பழக்க தோஷம், தானாக மடிந்து வலது மார்பைத் தட்டியது.

டொக்.

எழுந்து உட்கார்ந்தார். இன்னும் கொஞ்சம் கீழே தட்டினார். டொக். பக்கவாட்டில். டொக். இடது தோளுக்குக் கீழே. டொக். வயதான கட்டடத்தை அளக்கிறவர்போல நிதானமாக, வரிசை தவறாமல் தட்டிக்கொண்டே போனார். நெஞ்செலும்புக்கு இடது பக்கம் ஒரு கையகல இடத்தில் மட்டும் 'டிக்' என்று கெட்டியாகக் கேட்டது. மற்றதெல்லாம் பொக்கு.

உங்களுக்கும் எனக்கும் என்றால் அத்தோடு விட்டிருப்போம். இருபத்திரண்டு வருஷ அனுபவம் விடுமா? காய்ச்சல் உள்ளே இருந்ததையெல்லாம் அரித்துவிட்டது, வெளியே விலா மட்டும் ஒட்டாமல் நிற்கிறது, என்றைக்காவது ஒரு தும்மலில் பெயர்ந்து விழும் என்று அவருக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. அன்று காலைதான் என்னிடம் வந்து அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார்.

குளித்துவிட்டு மனைவி அறைக்குள் வந்தபோது, மேஸ்திரி சட்டையில்லாமல் கண்ணாடி முன் நின்று, பென்சிலால் தன் மார்பில் பெருக்கல் குறி போட்டுக்கொண்டிருந்தார். பதினோரு குறிகள்.

"என்னங்க இது, கோலம்?"

"பரவுதான்னு பாக்கணும்மா. நாளைக்குத் தட்டினா தெரிஞ்சுரும்."

"மூளையில ஒரு தட்டு தட்டிப் பாருங்க. அங்க என்ன சத்தம் வருதுன்னு நானும் கேக்கிறேன்."

அவர் கோபப்படவில்லை. சாகப்போகிறவருக்குக் கோபம் எதற்கு?

ஞாயிற்றுக்கிழமை மச்சினன் வந்தார். சாப்பிட்டுவிட்டுக் கூடத்தில் கையைக் காலைப் பரப்பித் தூங்கினார். மேஸ்திரி மெல்லப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒப்பிட்டுப் பார்க்கலாமே என்று ஒரு தட்டு தட்டினார். டொக். இன்னொரு தட்டு. டொக். ஒரு மார்புதான் கெட்டது என்றால் அது நோய், எல்லா மார்பும் அப்படித்தான் என்றால் அது இயற்கை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூட இது புரியும். தொழில் வைத்தியருக்குப் புரியாது. 'இவனுக்கும் அந்தக் காய்ச்சல் வந்துச்சே. ஐயோ, இவனும் பொக்கு. பாவம், தெரியாம தூங்குறான்' என்று மேஸ்திரிக்குக் கண் கலங்கிவிட்டது.

அன்று சாயங்காலம் மச்சினனுக்கு அதிர்ச்சிமேல் அதிர்ச்சி. டைல் அறுக்கும் மெஷினை இரவல் வாங்கிப் போய் அவர் பிளேடை உடைத்தது போன வருஷம். அதற்காக ஒரு வருஷமாக வாராவாரம் திட்டு வாங்கிக்கொண்டிருந்தார். இப்போது மேஸ்திரி அவர் தோளில் கை வைத்து, "போனா போகுது மாப்ளே. பிளேடா முக்கியம்? நீ நல்லா தூங்கு, நல்லா சாப்பிடு" என்றார்.

மச்சினன் நேராகச் சமையலறைக்குப் போனார். "அக்கா, மாமாவுக்கு என்ன ஆச்சு? என்கிட்ட அன்பா பேசுறாரு!"

"அதான்டா எனக்கும் பயமா இருக்கு" என்றாள் அக்கா.

பயத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. ஒரு பள்ளிக்கூடத்தின் சாப்பாட்டுக் கூடத்துக்குத் தரை போடும் வேலை வந்திருந்தது. திங்கட்கிழமை தொடங்க வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். மேஸ்திரியிடம் இரண்டு ஆட்கள் பல வருஷமாக இருந்தார்கள். ஆறு வாரமாக வேலையில்லாமல் காத்திருந்தார்கள். இவர் முடியாது என்றால் அவர்கள் வேறு மேஸ்திரியிடம் போய்விடுவார்கள். போன ஆட்கள் திரும்பி வருவார்களா? ஆள் இல்லாத மேஸ்திரியை யார் கூப்பிடுவார்கள்? இதெல்லாம் அவருக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் பாதியில் செத்துப்போய்க் கூடத்தைப் பாதித் தரையோடு விடுவது அவருடைய பேருக்கு இழுக்கு அல்லவா? முடியாது என்றே சொல்லிவிடத் தீர்மானித்தார்.

இதற்கு நடுவில் நான்கு தெரு தள்ளி ஒரு டாக்டரம்மா இருக்கத்தான் செய்தார். நல்ல கைராசிக்காரர், அதட்ட மாட்டார். அப்படியும் மேஸ்திரி ஏன் போகவில்லை? இந்த இடத்தில் கொஞ்சம் நெருங்கி வாருங்கள், மெதுவாகத்தான் சொல்ல வேண்டும்.

அந்தக் கிளினிக்குக்குத் தரை போட்டதே இவர்தான். பதினான்கு மாதத்துக்கு முன்னால். கடைசி நாள், டாக்டரம்மாவின் அறையில், மேசைக்கு முன்னால் மூன்றே மூன்று டைல் பாக்கி. கலவை போதவில்லை. புதிதாகக் கலக்க அலுப்பு. நான்கு மூலைக்கும் ஒவ்வோர் உருண்டை வைத்து டைலை உட்கார வைத்துவிட்டார். மறுநாள் தட்டிப் பார்த்தார். டொக், டொக், டொக். அறையில் யாரும் இல்லை. பென்சில் காதில் இருந்தது. குறி போடவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் அந்த ஒரு முறைதான். அன்றிலிருந்து அந்தத் தெரு வழியாகப் போவதையே விட்டுவிட்டார்.

வியாழக்கிழமை மேஸ்திரி மச்சினனை வரவழைத்தார். தன் ரசமட்டத்தை, அதாவது தரை மட்டமாக இருக்கிறதா என்று காட்டும் அந்த நீளமான கருவியை, துணியில் சுற்றி அவர் கையில் கொடுத்தார்.

"வெச்சுக்க மாப்ளே. எவ்வளவு நாளோ, இருக்கிறவரைக்கும்."

"நீங்க இருக்கிறவரைக்குமா மாமா?"

"நீ இருக்கிறவரைக்கும்."

"நானா? எனக்கு என்ன?"

மேஸ்திரி தரையைப் பார்த்தார். "நீயும் பொக்குதான்டா. ஞாயித்துக்கிழமை தட்டிப் பார்த்தேன். சொல்ல மனசு வரல."

மச்சினனுக்கு முகம் வெளுத்துவிட்டது. அடுத்தவருக்கு லூஸ் கனெக்‌ஷன் என்று சொன்ன வாய், தனக்கு என்றதும் உலர்ந்துபோயிற்று. "அக்கா! செருப்பு எங்க? நான் டாக்டர்கிட்ட போறேன்!" என்று வாசலுக்கு ஓடினார்.

"நில்லுடா, தனியா போகாத. இவரையும் கூட்டிட்டுப் போ" என்றாள் அக்கா. பிறகு கணவரைப் பார்த்தாள். "அவன் தடியன், என்ன சொன்னாலும் நம்புவான். அவனைப் பயமுறுத்தினது நீங்க. கூடப் போய் வாங்க. இல்லைன்னா இன்னிக்கு நீங்க தும்மினா தலையணை கிடையாது."

கிளினிக்கில் மச்சினனை ஐந்து நிமிஷத்தில் பார்த்து முடித்துவிட்டார் டாக்டரம்மா. "உங்களுக்கு ஒண்ணும் இல்ல. வெளிய உக்காருங்க" என்றார். அடுத்தது மேஸ்திரி. கதவிலிருந்து நேராக மேசைக்கு வராமல், சுவரோரமாக நழுவி, அலமாரியைச் சுற்றி, பக்கவாட்டில் வந்து உட்கார்ந்தார். டாக்டரம்மா அதைப் பார்த்தார்.

"எத்தனை நாளா வலி?"

"ஆறு வாரம், டாக்டரம்மா."

"ஆறு வாரமா என்ன பண்ணீங்க?"

"கேட்டுக்கிட்டு இருந்தேன்."

"யார்கிட்ட?"

மேஸ்திரி மச்சினன் உட்கார்ந்திருந்த வெளிப்பக்கம் பார்த்தார்.

மூச்சு வாங்குகிறதா, நடந்தால் கூடுகிறதா, கைக்கோ தாடைக்கோ பரவுகிறதா, வியர்க்கிறதா, கால் வீங்கியதா, சளியில் ரத்தம் வந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை. சட்டையைக் கழற்றச் சொன்னார். கழற்றினார்.

டாக்டரம்மா குனிந்து குறிகளை எண்ணினார். "இந்தக் குறியெல்லாம் யார் போட்டது?"

"நான்தான். பொக்கு இருக்கிற இடம். தினமும் குளிச்சிட்டுப் புதுசாப் போடுவேன்."

இசிஜி எடுத்தார். முதுகில் குழாய் வைத்துக் கேட்டார். பிறகு செய்தாரே ஒரு காரியம், அதைப் பார்த்து மேஸ்திரிக்கு மூச்சே நின்றுவிட்டது. இடது கை விரலை அவர் மார்பில் பதித்து, வலது கை நடுவிரலால் அதன்மேல் தட்டினார். அதே மடிப்பு. அதே நிதானம். வரிசை தவறவில்லை.

"என்ன சத்தம் வருது?" என்று மேஸ்திரி ரகசியமாகக் கேட்டார். ஒரு தொழில்காரர் இன்னொரு தொழில்காரரிடம் கேட்பதுபோல.

"நீங்களே சொல்லுங்க."

"டொக்."

"ஆமா. நல்ல டொக்."

"நல்ல டொக்கா? டொக்குல நல்லது ஏதும்மா?"

"உங்க வேலையில கிடையாது. என் வேலையில உண்டு. நுரையீரல்னா உள்ள காத்து இருக்கணும் மேஸ்திரி. இங்க கெட்டியா சத்தம் வந்தாத்தான் நான் பயப்படணும். சளியோ தண்ணியோ கட்டியிருக்கும்."

"அப்ப இடது பக்கம் ஒரே ஒரு டைல் நல்லா ஒட்டியிருக்கே?"

"அது உங்க இதயம்."

மேஸ்திரி குனிந்து தன் பதினோரு குறிகளையும் பார்த்தார். இத்தனை நாள் சுமந்த சாவு இப்படிச் சட்டென்று கைநழுவிப் போனதில் அவருக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்கூட. "அப்ப எனக்கு ஒண்ணுமே இல்லையா?"

டாக்டரம்மா நெஞ்செலும்பின் ஓரத்தில் ஓர் இடத்தை விரலால் அழுத்தினார்.

"அம்மா!"

"இருக்கு. வலி நிஜம்தான். மூணு வாரம் விடாம இருமியிருக்கீங்க. விலா எலும்பு நெஞ்செலும்போட சேர்ற இடத்துல இருக்கிற குருத்தெலும்பு வீங்கியிருக்கு, தசையும் இழுத்திருக்கு. தானா ஆறும், ஆனா மெதுவா. வாரக்கணக்கா ஆகும், சிலருக்கு மாசக்கணக்கா ஆகும். மாத்திரை தர்றேன், வெந்நீர் ஒத்தடம் குடுங்க. மூணு வாரம் வாளி தூக்கக் கூடாது."

"வேலைக்கு?"

"போங்க. ஆளுங்க தூக்கட்டும், நீங்க நின்னு சொல்லுங்க. புதுசா ஒட்டின தரையில உடனே நடந்தா என்ன ஆகும்?"

"விட்டுரும்."

"இது அதே மாதிரி. இன்னொண்ணு. நெஞ்சு வலின்னா முதல்ல இங்க வரணும், மச்சினன்கிட்ட கடைசியாப் போகலாம். உங்களுக்கு இதுவா இருந்துச்சு. எல்லாருக்கும் இதுவாவே இருக்காது."

மேஸ்திரி எழுந்தார். கும்பிட்டார். மறுபடியும் சுவரோரமாக நழுவத் தொடங்கினார்.

"மேஸ்திரி."

நின்றார்.

"எல்லாரும் நேரா வர்றாங்க, நேரா போறாங்க. நீங்க மட்டும் ஏன் அந்த மூணு டைலைச் சுத்திப் போறீங்க?"

டாக்டரம்மா நாற்காலியை விட்டு எழுந்து வந்து செருப்புக் குதிகாலால் தட்டினார். டொக். டொக். டொக்.

"இது நல்ல டொக்கா, கெட்ட டொக்கா? இந்த வேலையில எனக்கு அனுபவம் கிடையாது."

மேஸ்திரிக்குக் காது வரைக்கும் சிவந்தது. பிறகு, ஆறு வாரத்தில் முதல் தடவையாக, அவருக்குச் சிரிப்பு வந்தது. விலா குத்தியது. குத்தக் குத்தச் சிரித்தார். ஒரு கையால் விலாவைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, அப்பா" என்று முனகி, மெல்ல முழங்காலிட்டு, காதிலிருந்து பென்சிலை எடுத்து மூன்று டைலிலும் பெரிதாகப் பெருக்கல் குறி போட்டார்.

வெள்ளிக்கிழமை காலை பள்ளிக்கூடத்துக்குச் சரி என்று சொன்னார். அன்று மதியமே இரண்டு ஆட்களோடு கிளினிக்குக்குப் போய், ஆட்கள் பெயர்க்க, ஆட்கள் கலக்க, தான் நின்று சொல்ல, மூன்று டைலையும் மாற்றினார். மச்சினனிடமிருந்து ரசமட்டத்தைத் திரும்ப வாங்கினார். பிளேடு விஷயமாகத் திட்டுவதும் மறுபடி தொடங்கிவிட்டது. மச்சினனுக்கு அதில் நிம்மதி. வலி முழுதும் போக இன்னும் இரண்டு மாதம் ஆயிற்று.

ஆக, அந்தக் கேள்விக்குப் பதில் இதுதான். உள்ளே காலியாக இருந்தால் எவ்வளவு நாள் தாங்கும்? மார்பு என்றால் ஆயுசு முழுக்க. டைல் என்றால் பதினான்கு மாதம்.

நீங்கள் இந்த இனத்தைச் சேர்ந்தவர் இல்லை என்று எனக்குத் தெரியும். நீங்கள் படித்தவர், விவரமானவர். ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். இந்த வரியைப் படிக்கும்போது உங்கள் நடுவிரல் எங்கே இருக்கிறது? எத்தனை இடத்தில் தட்டிப் பார்த்தீர்கள்? பரவாயில்லை, யாரிடமும் சொல்ல மாட்டேன். ஆனால் எங்கேயாவது வலி இருந்து, டாக்டரிடம் போகாமல் இருக்க உங்களிடம் ஒரு நல்ல காரணமும் இருந்தால், மார்பை விட்டுவிட்டு அந்தக் காரணத்தைத் தட்டிப் பாருங்கள். என்ன சத்தம் வருகிறது?

கேட்டுவிட்டு, இந்தக் கதையை இன்னொருவரிடம் சொல்லுங்கள். விலாவைப் பிடித்துக்கொண்டு எல்லாரிடமும் யோசனை கேட்கிற ஒருவர் உங்கள் வீட்டிலோ வேலை செய்யும் இடத்திலோ கட்டாயம் இருப்பார், அவரிடம் முதலில் சொல்லுங்கள். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்காதீர்கள், கையைப் பாருங்கள். பாதிக் கதையில் அது மெல்ல நெஞ்சுப் பக்கம் போகும்.